பூ மிதித்த கால்

வெண்ணந்தூர்,
கார்த்திகை 4

என் ஈஸ்வர் மாமாவுக்கு,

ரஞ்சிதா எழுதுகிறேன். இங்கே அத்தையும் உங்கப்பாவும் நானும் சௌக்கியமாக இருக்கிறோம். அங்கே நீங்களும் சௌக்கியம் என்று போனில் தினமும் சொல்கிறீர்கள். அதை நம்ப முடியாமல்தான் பேனாவை எடுத்தேன்.

இந்தக் காலத்தில் யாராவது கடுதாசி எழுதுவார்களா என்று சிரிப்பீர்கள். நன்றாகச் சிரியுங்கள். போனில் பேச எனக்கு எங்கே வழி இருக்கிறது? ஒரு பக்கம் தறி ஓடுகிறது. இன்னொரு பக்கம் அத்தை, "எங்கிட்டக் குடு அம்மிணி, எங்கிட்டக் குடு" என்று கையை நீட்டிக்கொண்டே நிற்கிறார். உங்கள் கால் எப்படி இருக்கிறது என்று கேட்டால், "அதெல்லாம் சூப்பரா இருக்குது புள்ள" என்கிறீர்கள். வீடியோவில் பாதத்தைக் காட்டுங்கள் என்றால் உடனே சிக்னல் போய்விடுகிறது. லெஸ்டர் இங்கிலாந்தில் எவ்வளவு பெரிய பட்டணம்! எங்கள் எருமப்பட்டியில் அண்ணனுடைய கோழிப்பண்ணைக்குள் நின்றால்கூட டவர் முழுசாகக் கிடைக்கிறது. யாருக்கு மாமா காது குத்துகிறீர்கள்?

உங்களோடு ஒரே அறையில் இருக்கும் தர்ஷன் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை புறப்படுகிறான். முறுக்கு, பருப்புப்பொடி, இந்தக் கடிதம் எல்லாவற்றையும் அவனிடம் கொடுத்திருக்கிறேன். முறுக்கைத் தின்றுவிட்டுக் கடிதத்தை மடித்து வைத்துவிடாதீர்கள்.

முதலில் ஊர்ச் சேதி. மாரியம்மன் நோம்பி முடிந்து பந்தலையும் பிரித்தாயிற்று. ஆனால் நீங்கள் பூ மிதித்த பேச்சு மட்டும் இன்னும் ஓயவில்லை. பால் ஊற்ற வருகிறவர், நூல் கொண்டுவருகிறவர், என்னிடம் கேக் வாங்க வருகிற ராசிபுரத்து டீச்சர் எல்லோரும் அதையே கேட்கிறார்கள். பூசாரி குழந்தைவேல் கடைக்குக் கடை சொல்லிக்கொண்டு திரிகிறார். "அவனவன் குண்டத்துல எறங்குனா பொசுக்குனு ஓடுவான். இந்த ஈஸ்வர் பய நடுக்குண்டத்துல நின்னானுங்க. ஆத்தா புடிச்சு நிறுத்துனாளுங்க" என்கிறாராம். அடுத்த வருஷம் முதல் ஆளாக உங்களைத்தான் இறக்க வேண்டும் என்று கோயில்காரர்கள் வீடு தேடி வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். அத்தைக்குத் தலைகால் புரியவில்லை.

நானும் அன்றைக்கு அப்படித்தான் இருந்தேன். நம் ஊரில் அந்தத் தணலை யாரும் நெருப்பு என்று சொல்வதில்லை, பூ என்றுதான் சொல்வோம். நீங்கள் ஏறி வந்ததும் அத்தை ஓடிவந்து, "சாமி, சுட்டுதா?" என்று கேட்டார். "இல்லீங்மா, நெசமாலுமே பூவாட்டந்தான் இருந்துது" என்றீர்கள். அதைக் கேட்டதும் சுற்றி நின்ற பெண்கள் குலவையிட்டுக்கொண்டு உங்கள் காலில் விழுந்தார்கள். கட்டின புருஷன் என்பதற்காகக் காலில் விழுகிற ஆள் நான் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு நானும் விழுந்தேன்.

ஆனால் மறுநாள் காலையில் பாயில் நீரும் ரத்தமும் திட்டுத் திட்டாக ஒட்டியிருந்ததை நான்தானே பார்த்தேன். இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம் உடைந்து தோல் தொங்கியது. அதோடுதான் ராத்திரியெல்லாம் சொந்தக்காரர்களுக்குப் பந்தி பரிமாறியிருக்கிறீர்கள். நான் பஞ்சை வைத்துத் துடைத்து, செத்த தோலைக் கத்தரித்துக்கொண்டிருந்தேன். நீங்களோ போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டு முறுக்குக் கடித்தீர்கள். வலிக்கவில்லையா என்றதற்கு, "ஆத்தா இருக்கறா புள்ள" என்றீர்கள்.

மாமா, உங்கள் உள்ளங்காலை எனக்குத் தெரியாதா? கல்யாணமான புதிதில் சேலத்தில் கொண்டப்பநாயக்கன்பட்டி வீட்டில் இருந்தோமே, அந்த வருஷம் முழுக்க உங்களைத் தூக்கத்திலிருந்து எழுப்பியது அந்தக் கால்தானே. பேர் சொல்லிக் கூப்பிட்டால் எழ மாட்டீர்கள், அலாரம் அடித்தால் அணைத்துவிட்டுப் படுப்பீர்கள். உள்ளங்காலில் ஒற்றை விரலால் லேசாகக் கோடு போட்டால் போதும், வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்து, "அய்யோ கூசுது, விடுடி, விடுடி" என்று வீடே அதிரச் சிரிப்பீர்கள். கீழ்வீட்டுச் சாலம்மாள் அக்கா ஒருநாள் என்னைக் கிணற்றடியில் நிறுத்தி, காலங்காத்தால அப்படி என்னதான் பண்ணுகிறாய் என்று கேட்டு மானத்தை வாங்கிவிட்டார்.

சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் ஏற்காடு ரோட்டில் முதல் வளைவு வரை நடப்போம். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு நடப்பீர்கள். தார் எங்கே இன்னும் சூடாக இருக்கிறது, எங்கே மரநிழல் விழுந்து குளிர்ந்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வீர்கள். குரங்கு என் கையிலிருந்த பன்னைப் பிடுங்கியபோது, அதைத் துரத்தாமல் ரோட்டிலேயே உட்கார்ந்து சிரித்தீர்கள். நான் ஒரு வாரம் பேசவில்லை. அந்தச் சண்டைகூட இப்போது இனிக்கிறது மாமா. சம்பளம் குறைவு, வீடு சின்னது, தண்ணீர் வாரம் ஒருமுறை. ஆனாலும் அந்த வருஷத்தைப் போல நான் சந்தோஷமாக இருந்தது கிடையாது.

இந்த லீவில் நீங்கள் வந்த முதல் காலை, பழைய ஞாபகத்தில் உள்ளங்காலில் கோடு போட்டேன். நீங்கள் அசையவே இல்லை. நடிக்கிறீர்கள் என்று நினைத்து நகத்தால் கீறினேன். அப்போதும் அசையவில்லை.

இதெல்லாம் இப்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்து என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. ராசிபுரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு செருப்பு கழன்றது தெரியாமல் பூக்கடை வரை ஒற்றைச் செருப்போடு வந்தீர்கள். குளிக்கும்போது முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினதும் தள்ளாடிச் சுவரைப் பிடித்தீர்கள். சட்டைப் பொத்தானை மாட்டத் திணறி என்னைக் கூப்பிட்டீர்கள், நான் அதைக் கொஞ்சல் என்று நினைத்துக்கொண்டேன். காப்புக் கட்டின அன்று பூசாரி மாலை போடுகையில் கழுத்தைக் குனித்தீர்கள். முதுகில் கரண்ட் அடித்தது போலத் துள்ளி நிமிர்ந்தீர்கள். அருள் வந்துவிட்டது என்று உடுக்கையை வேகமாக அடித்தார்கள். அது அருள்தானா மாமா?

உங்கப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது. அவருக்கும் இப்படித்தான் செருப்பு கழன்று போகும். அதனால் எனக்குப் பயமாக இருக்கிறது. உடனே போய் ரத்தம் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள். சர்க்கரை மட்டும் இல்லாமல் சத்து எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். புரட்டாசியில் தொடங்கின விரதத்தைத் தை வரைக்கும் இருக்கச் சொல்லி அத்தை உங்களிடம் வாக்கு வாங்கியிருக்கிறார். கோழிப்பண்ணைக்காரன் தங்கச்சியைக் கட்டிக்கொண்டு முட்டை தின்னாமல் இருக்கிற ஒரே மனுஷன் நீங்கள்தான். ஆத்தாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன், நீங்கள் சாப்பிடுங்கள்.

கடைசியாக ஒன்று. எனக்கென்று ஆன்லைனில் கிரீம் அடிக்கிற டப்பா வரவழைத்துக் கொடுத்தீர்களே, அது அலமாரியில் சும்மா கிடக்கிறது. அதில் மாட்டுகிற குட்டிச் சிலிண்டர்களை எங்கே வைத்தீர்கள்? பெட்டி பெட்டியாக வந்ததே, ஒன்றையும் காணோம். கிறிஸ்துமஸ் கேக் ஆர்டர் வர ஆரம்பித்துவிட்டது.

பாதத்தைப் படம் பிடித்து அனுப்புங்கள். அத்தை தன் ஆசீர்வாதத்தை எழுதச் சொன்னார், திருநீற்றுப் பொட்டலம் உள்ளே இருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
ரஞ்சிதா

---

வெண்ணந்தூர்,
மார்கழி 3

ஈஸ்வர் மாமாவுக்கு,

இந்தத் தடவை நலம் விசாரிக்கப் போவதில்லை. நீங்கள் நலமாக இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

தர்ஷனிடம் கொடுத்த கடிதம் கிடைத்ததென்று சொன்னீர்கள். ரத்தப் பரிசோதனைத் தாளையும் அனுப்பினீர்கள். சர்க்கரை இல்லை, பி-12 சத்தும் அளவாகவே இருக்கிறது, "எல்லாம் நார்மல், இனியாச்சும் நிம்மதியா தூங்கு புள்ள" என்று குரல் செய்தி வேறு. நானும் நிம்மதியாகத் தூங்கினேன். கார்த்திகை தீபத்துக்கு வாசல் நிறைய விளக்கு வைத்தேன்.

போன வாரம் உங்கப்பா தண்ணீர்த் தொட்டி கழுவ மாடிக்கு ஏறினார். இறங்கி வரும்போது கையில் சிமெண்ட் சாக்கு. "ஏம்மா ரஞ்சிதா, துப்பாக்கித் தோட்டாவாட்டம் இருக்குது, இதென்னன்னு பாரு. நம்ம ஊட்டுல எவன் இதக் கொண்டாந்து வெச்சது?" என்று கேட்டார். சாக்கு நிறையக் காலிச் சிலிண்டர்கள், கூடவே கிழிந்த பலூன்கள். அத்தை உடனே, "அது அம்மிணியோட கேக்குச் சாமான், எம்மகன் வாங்கிக் குடுத்தது" என்று பெருமையாகச் சொன்னார். நான் வாயைத் திறப்பதற்குள் பாதியைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுப் பிளாஸ்டிக் குடம் வாங்கிவிட்டார். அதில் ஒரு சிலிண்டரைக்கூட நான் என் கையால் திறந்து பார்த்ததில்லை மாமா. மத்தியானம் கிரீம் டப்பாவை எடுத்துக்கொண்டு, மாடியில் காற்று வாங்குகிறேன் என்று போவீர்களே, தறிச் சத்தத்தில் கீழே ஒன்றும் கேட்காது என்றுதானே அந்த நேரம்?

போனில் தேடிப் பார்த்தேன். நைட்ரஸ் ஆக்சைடு, சிரிப்பு வாயு என்று போட்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் படித்தபோது வகுப்பே சிரித்தது ஞாபகம் வந்தது. தர்ஷனைக் கூப்பிட்டேன். முதலில் மழுப்பினான். உன் அம்மாவிடம் போய்க் கேட்கட்டுமா என்றேன். அழுதுவிட்டான்.

எல்லாவற்றையும் சொன்னான். கிடங்கில் வேலை முடிந்து வெள்ளிக்கிழமை ஆளுக்கொரு பலூனில் அந்த வாயுவை அடைத்து உறிஞ்சித் தொடங்கியதாம். ரெண்டு நிமிஷம் தலை கிர்ரென்று இருக்கும், காரணமில்லாமல் சிரிப்பு வரும், அவ்வளவுதான், குடி மாதிரி நாற்றம் கிடையாது, மறுநாள் தலைவலி கிடையாது, அதனால் ஒன்றும் செய்யாது என்று நினைத்தார்களாம். தனக்கு விரல் நுனி மரத்ததும் அவன் பயந்து விட்டுவிட்டான். நீங்கள் விடவில்லை. இப்போது குட்டிச் சிலிண்டர் போதாமல் பெரிய சிலிண்டரே அறையில் இருக்கிறதாம். போன மாதம் மாடிப்படியில் விழுந்தீர்களாம். என்னிடம் வழுக்கிவிட்டது என்றுதான் சொன்னீர்கள்.

என்ன மாமா இது? சிரிக்கக் காற்று வாங்குகிற அளவுக்கு அங்கே என்ன ஆயிற்று? என்னைப் பெண் பார்க்க வந்த அன்று காபித் தட்டோடு நான் வரும்போது எங்கள் அண்ணன் சிவக்குமாரின் வேட்டி நாற்காலியில் மாட்டிக்கொண்டதே, மாப்பிள்ளை என்கிற வெட்கமே இல்லாமல் காபி புரையேறச் சிரித்தவர் நீங்கள். பெரியவர்கள் எல்லாம் முகம் சுளித்தார்கள். உள்ளே போய், இந்த ஆளைத்தான் கட்டிக்கொள்வேன் என்று எங்கம்மாவிடம் நான் சொன்னதற்கு அந்தச் சிரிப்புத்தான் காரணம். அதற்கு எந்தச் சிலிண்டரும் மாட்டவில்லையே. தனியாக இருக்கிறது, குளிராக இருக்கிறது, செத்துப்போய்விடலாம் போல இருக்கிறது என்று ஒருநாளாவது என்னிடம் வாய்விட்டுச் சொன்னாயா நீ? கோபத்தில் நீ என்று எழுதிவிட்டேன். அடித்துத் திருத்தவில்லை, அப்படியே இருக்கட்டும்.

மறுநாளே அத்தையிடம் முட்டையில்லாக் கேக்குக்குச் சாமான் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுச் சேலத்தில் ஒரு நரம்பு டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தேன். நோயாளி எங்கே என்றார். இங்கிலாந்தில் என்றேன். சிரித்தார். அப்புறம் நீங்கள் குண்டம் இறங்கின வீடியோவைக் காட்டினேன். பூசாரி அதை ஊர் குரூப்பில் போட்டதிலிருந்து எல்லார் போனிலும் அதுதான் இருக்கிறது. டாக்டரம்மா சிரிப்பை நிறுத்திவிட்டார். திரும்பப் போடச் சொன்னார். "நெருப்பப் பாக்காதீங்கம்மா. அவர் கால் வைக்கறதப் பாருங்க" என்றார்.

அப்போதுதான் பார்த்தேன். ஒவ்வொரு அடியும் பாதத்தைத் தொப்பென்று போடுகிறீர்கள். தரை எங்கே இருக்கிறது என்று காலுக்குத் தெரியாமல் குனிந்து பார்த்துப் பார்த்து வைக்கிறீர்கள். நடுவில் புகை கண்ணில் பட்டுக் கண்ணை மூடினீர்கள். உடனே நிலை தவறி, விழாமலிருக்க அப்படியே நின்றுவிட்டீர்கள். அதைத்தான் ஆத்தா பிடித்து நிறுத்தினாள் என்று கோயிலே கும்பிட்டது. அங்கே விழுந்திருந்தால்? எழுதவே கை வரவில்லை.

டாக்டரம்மா சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன், கவனமாகப் படியுங்கள். கரண்ட் ஒயருக்கு மேலே உறை இருக்கிற மாதிரி நரம்புக்கு மேலேயும் உறை உண்டாம். அதைக் காப்பாற்றுவது பி-12 சத்து. இந்த வாயு அந்தச் சத்தைச் செல்லாக் காசாக்கிவிடுகிறது. இருக்கும், ஆனால் வேலைக்கு ஆகாது. அதனால்தான் உங்கள் பரிசோதனைத் தாளில் அளவு சரியாகக் காட்டியது. ஹோமோசிஸ்டீன் என்று வேறொரு ரத்தச் சோதனையும் முதுகுத்தண்டுக்கு ஸ்கேனும் எடுத்தால்தான் வண்டவாளம் தெரியுமாம். கறி, முட்டை இல்லாத விரதத்தில் சத்தின் கையிருப்பு வேறு குறைந்திருக்கும் என்றார். கழுத்தைக் குனித்ததும் முதுகில் கரண்ட் அடித்ததைச் சொன்னேன். அது தண்டுவடம் அடிபட்டதற்கு அடையாளம் என்றார்.

ஆஸ்பத்திரியில் பல் பிடுங்கவும் பிரசவத்துக்கும் இதையேதானே கொடுக்கிறார்கள் என்று நீங்கள் தர்ஷனிடம் வாதாடுவீர்களாம். அதையும் கேட்டேன். அங்கே ஆக்சிஜனோடு கலந்து, கொஞ்ச நேரம், பக்கத்தில் ஆள் இருந்து கொடுப்பார்களாம். நீங்கள் செய்வது அதுவா? பெரிய சிலிண்டரில் நேராக வாய் வைத்தவர்களுக்கு உதடும் தொண்டையும் அந்த வாயுவின் குளிரில் வெந்துபோயிருக்கிறதாம். மூச்சுத் திணறிச் செத்தவர்களும் உண்டாம். சிலருக்குக் காலில் ரத்தம் கட்டி நுரையீரலுக்குப் போய்விடுகிறதாம். இப்படியே விட்டால் அடுத்தது சிறுநீர் அடக்க முடியாமல் போகும், அதற்கப்புறம் நாற்காலி வண்டிதான் என்றார். உங்களுக்கு முப்பத்திரண்டு வயது மாமா.

திரும்ப வருமா என்று கேட்டேன். அடியோடு நிறுத்தி, உடனே பி-12 ஊசி போட ஆரம்பித்தால் பெரும்பாலும் வரும், மெதுவாக வரும், தாமதித்தால் எவ்வளவு வரும் என்று சொல்ல முடியாது என்றார். வாயுவையும் ஊதிக்கொண்டு சத்து மாத்திரையும் போட்டால் ஒரு பிரயோசனமும் இல்லையாம். நீங்கள் அந்த மாத்திரை டப்பா வாங்கி வைத்திருப்பதும் எனக்குத் தெரியும்.

ஏன் டாக்டரிடம் போகவில்லை என்பதையும் தர்ஷன் சொல்லிவிட்டான். அங்கே அது சட்டப்படி குற்றம், விசா போய்விடும் என்று பயம். டாக்டரிடம் சொன்னது அவரோடு நிற்கும், வைத்தியத்துக்கு வருகிறவனைப் போலீஸில் பிடித்துக் கொடுக்க மாட்டார்கள் என்று அவனே விசாரித்து வைத்திருக்கிறான். போனால்தான் போகட்டுமே விசா. இன்னொரு காரணமும் சொன்னான். "ஊரே காலுல உளுந்துது. இப்பப் போயி, அது ஆத்தா இல்ல, வெறுங்காத்துன்னு எங்கம்மாகிட்ட எப்படிடா சொல்லுவேன்" என்று அழுதீர்களாம்.

அதனால் நானே சொல்லிவிட்டேன்.

நேற்றுக் காலை உங்கப்பா தறிக்குப் போன பிறகு அத்தையை அடுப்படியில் உட்காரவைத்து, சிலிண்டரிலிருந்து ஸ்கேன் வரை ஒன்று விடாமல் சொன்னேன். கத்துவார், என்னை வைவார், தலையில் அடித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டார். முடிந்ததும், "அப்ப அன்னைக்கு எம்பையனுக்கு ஆத்தா வரலியா?" என்றார். எனக்கு அது தெரியாது அத்தை, காலில் உணர்ச்சி இல்லை என்பதுதான் தெரியும் என்றேன். "நெருப்புல நிக்கறான், வெந்துட்டு நிக்கறான், நாங் குலவ போட்டுட்டு நிக்கறனே கண்ணு" என்று சொல்லிவிட்டு முறத்தைக் கீழே வைத்தார். அதற்கப்புறம் அழுதார். நான் இந்த வீட்டுக்கு வந்து அவர் அழுது பார்த்ததில்லை.

கொஞ்ச நேரத்தில் எழுந்து தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரச் சேலையோடு கோயிலுக்கு நடந்தார். நானும் பின்னாலேயே போனேன். பூசாரி அத்தையைப் பார்த்ததும் உங்களை விசாரித்து, அடுத்த வருஷத்துப் பேச்சை எடுத்தார். அத்தை அவர் முகத்தைப் பார்த்தே, "எம்மகனுக்குக் கால்ல நோவு இருக்குதுங்க. அன்னைக்கு நடந்தது நோவுங்க. யாரு கேட்டாலும் அப்படியே சொல்லிப்போடுங்க" என்றார். பூசாரிக்குத் தட்டு கையிலேயே நின்றுவிட்டது. இனி ஊருக்குப் பயந்து நீங்கள் மறைக்க ஒன்றும் இல்லை மாமா. உங்கம்மா தன் வாயாலேயே அதைத் தீர்த்துவிட்டார். இந்நேரம் வெண்ணந்தூர் முழுக்கத் தெரிந்திருக்கும். தெரியட்டும், பேசட்டும், பேசி ஓயட்டும்.

விரதத்தை இன்றோடு முடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். நீங்கள் முட்டை சாப்பிட்டதாகத் தெரிந்தால்தான் தான் சாப்பிடுவேன் என்கிறார். தபாலுக்குக் காத்திராமல் இந்தப் பக்கங்களைப் படம் பிடித்துப் போனில் அனுப்புகிறேன், படித்த அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பலூனைப் பற்றி மறைக்காமல் சொல்லுங்கள், எத்தனை மாதமாக என்றும் சொல்லுங்கள். சிலிண்டரைத் தர்ஷன் வெளியே கொண்டுபோய்ப் போடட்டும், நீங்கள் தொட வேண்டாம். ஊசி போட்டுக்கொண்டு ஊருக்கு வர முடிந்தால் வாருங்கள். வேலை போனால் போகட்டும், தறி ஓடுகிறது, என் கேக் ஓடுகிறது, நாம் மறுபடியும் கொண்டப்பநாயக்கன்பட்டியிலேயே ஒரு சின்ன வீடு பார்த்துக்கொள்ளலாம். நான் உங்கள் கையைப் பிடித்துக்கொள்கிறேன், முதல் வளைவு வரை போக முடியாவிட்டால் வாசல் வரை போவோம்.

கோயிலில் அத்தை என்ன வேண்டிக்கொண்டார் என்பதைச் சொல்லி முடிக்கிறேன். அவருக்கு மனசுக்குள் வேண்டத் தெரியாது, எப்போதும் சத்தமாகத்தான் கேட்பார். எத்தனையோ தாய்மார்கள் அந்தச் சந்நிதியில் நின்று பிள்ளைக்குச் சுடக் கூடாது, பூவாக இருக்க வேண்டும் என்று கேட்டதை நான் கேட்டிருக்கிறேன். அத்தை கற்பூரத்தை ஏற்றிவிட்டு இரண்டு கையையும் ஏந்தி, "ஆத்தா, எம்மகனுக்குச் சுடோணும். கால வெச்சதும் சுட்டு, அய்யோ அம்மான்னு அவங் கத்தோணும். அத நாங் காதால கேக்கோணும்" என்றார்.

எனக்கும் வேறு வேண்டுதல் கிடையாது. வலிக்கிறது என்று ஒரு வார்த்தை என்றைக்காவது எழுதுங்கள்.

உங்களுக்கு வலிக்க வேண்டும் என்று காத்திருக்கும்
ரஞ்சிதா